ஏப்ரலில் பணம் கட்டலாமா?

பிளஸ் டூ படிக்கும் பிள்ளை இருக்கிற வீட்டுக்குப் பொங்கலுக்கு முன்பே தனியார் பல்கலைக்கழகங்களிலிருந்து போன் வரத் தொடங்கிவிடுகிறது. "சார், பொண்ணு பயோ மேத்ஸா, கம்ப்யூட்டர் சயின்ஸா?" என்று கேட்கும் குரலுக்குப் பெண்ணின் பெயர் தெரியும், பள்ளி தெரியும், அரையாண்டுத் தேர்வு எப்போது முடிந்தது என்பதும் தெரியும். பள்ளியில் நடந்த ஏதோ ஒரு வழிகாட்டி நிகழ்ச்சியில் அப்பா எழுதிக்கொடுத்த நம்பராக இருக்கலாம். அதன்பின் தேதிகள் வேகமாக ஓடுகின்றன. மார்ச்சில் பொதுத்தேர்வு. ஏப்ரல், மே மாதங்களில் அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் நுழைவுத்தேர்வு. தரவரிசை வந்த கையோடு 'சீட் பிளாக்' பண்ண முன்பணம், சில நாள்களிலோ வாரங்களிலோ மீதிப் பணம்.

அண்ணா பல்கலைக்கழக வளாகக் கல்லூரிகள், அரசுக் கல்லூரிகள், உதவிபெறும் கல்லூரிகள், நானூற்றுக்கும் மேற்பட்ட சுயநிதிக் கல்லூரிகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து அரசு நடத்தும் பொறியியல் கவுன்சலிங் தொடங்குவதோ ஜூலையில். முடிய ஆகஸ்ட் ஆகிவிடும்.

குழப்பம் முழுக்க இந்த இடைவெளியில்தான் இருக்கிறது. "அந்தப் பல்கலைக்கழகம் நல்லதா, கட்டுகிற பணத்துக்குத் தகுமா?" என்று கேட்டு நம் வாசகர்கள் எழுதும் கடிதங்கள் பெரும்பாலும் ஏப்ரலில் வருகின்றன. ஏப்ரலில் அதற்கு உறுதியான பதில் கிடையாது. எதற்கு எதிராக எடைபோடுவது என்பது அப்போது முழுதாகத் தெரியாது. ஜூலையில் பிள்ளைக்கு எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு கிடைக்கும் என்று தெரியாமல் இருக்கும்போது, இன்று கையில் இருக்கும் ஒரு சீட் பெரிதாகத்தான் தெரியும். தனியார் பல்கலைக்கழகங்கள் விற்பதில் பாதி கல்வி என்றால், மீதிப் பாதி நிம்மதி. நிம்மதிக்கு என்ன விலை கொடுக்கிறோம் என்பதாவது தெரிந்து கொடுக்க வேண்டாமா?

இவர்கள் யார்?

தமிழ்நாட்டில் நாம் 'பிரைவேட் யுனிவர்சிட்டி' என்று சொல்பவற்றில் பெரும்பாலானவை சட்டப்படி நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள். 1956-ஆம் ஆண்டின் யு.ஜி.சி. சட்டம் மூன்றாவது பிரிவின்கீழ், யு.ஜி.சி.யின் பரிந்துரையில் மத்திய அரசு ஒரு நிறுவனத்துக்கு இந்தத் தகுதியைத் தரலாம். ஆரம்பத்தில் இது பெரிய கௌரவம். 1958-இல் முதன்முதலாக அதைப் பெற்றவற்றில் ஒன்று பெங்களூரு இந்திய அறிவியல் கழகம். நம் காந்திகிராம கிராமிய நிறுவனம் 1976-இல் பெற்றது. பின்னர் 2000-க்குப் பிந்தைய சில ஆண்டுகளில் வி.ஐ.டி., சாஸ்த்ரா, சத்தியபாமா, எஸ்.ஆர்.எம்., அமிர்தா, காருண்யா, கலசலிங்கம் என்று வரிசையாக வந்தன. 2009-இல் டாண்டன் குழு நாடு முழுக்க நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களை ஆராய்ந்து, 44 நிறுவனங்கள் அந்தத் தகுதிக்கு லாயக்கில்லை என்று அறிக்கை கொடுத்தது. அதில் தமிழ்நாட்டு நிறுவனங்களும் இருந்தன. வழக்கு, மறு ஆய்வு என்று ஆண்டுகள் ஓடி, பட்டியல் மெல்ல நீர்த்துப்போனது.

மாநிலச் சட்டத்தின்கீழ் வரும் தனியார் பல்கலைக்கழகங்கள் இங்கே புதிது. ஷிவ் நாடார், சாய் போன்றவை அந்த வகை. 2019-இல் இதற்கென்று பொதுவான ஒரு சட்டம் வந்தது. தொடர்ச்சியாக 100 ஏக்கர் நிலம் வேண்டும் என்பது அதன் நிபந்தனைகளில் ஒன்று. 2025 அக்டோபரில் அதைத் தளர்த்தி, இருக்கிற கல்லூரிகளே பல்கலைக்கழகமாக மாற வழிசெய்யும் திருத்த மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது. உதவிபெறும் கல்லூரிகளின் கதி என்ன என்று ஆசிரியர் அமைப்புகள் போர்க்கொடி தூக்க, அரசு சில நாள்களிலேயே பின்வாங்கியது.

இந்தச் சட்ட விவரம் பெற்றோருக்கு எதற்கு? இரண்டு காரணங்கள். முதலாவது, சுயநிதிக் கல்லூரிகளுக்கு மாநில அரசின் கட்டணக் குழு உச்சவரம்பு போடுகிறது. 2017-இல் அந்தக் குழு, கவுன்சலிங் வழியாகச் சேரும் மாணவருக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய், அங்கீகாரம் பெற்ற படிப்பென்றால் 55,000 ரூபாய் என்று நிர்ணயித்தது. நிகர்நிலைப் பல்கலைக்கழகம் அந்தக் குழுவின் கைக்கு வெளியே இருக்கிறது. இரண்டாவது, 69 சதவீத இடஒதுக்கீடும், முதல் பட்டதாரிக்கான 25,000 ரூபாய் கட்டணச் சலுகையும், ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கான 7.5 சதவீத உள்ஒதுக்கீடும் கவுன்சலிங்கோடு கட்டுண்டவை. வாசலைத் தாண்டி வெளியே போனால் இவை எதுவும் கூட வராது. தனியார் நிறுவனங்களிலும் இடஒதுக்கீடு கொண்டுவர அரசியல் சட்டத்தின் 15(5) பிரிவு 2006-இலேயே வழிவிட்டது. அதற்கான மத்தியச் சட்டம்தான் இன்னும் வரவில்லை. 2025-இல் நாடாளுமன்ற நிலைக்குழு ஒன்றும் அதைப் பரிந்துரைத்தது.

இதில் 7.5 சதவீத ஒதுக்கீட்டை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 2021 முதல் பொறியியலுக்கும் விரிவாக்கப்பட்ட இந்த ஒதுக்கீட்டில் சேருபவரின் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசின் பொறுப்பு. அரசுப் பள்ளியில் படித்த பெண் ஒருத்தி நல்ல கட்-ஆஃப் வைத்துக்கொண்டு, கிண்டியிலோ கோவை ஜி.சி.டி.யிலோ காசில்லாமல் படிக்க வாய்ப்பிருந்தும், சொந்தக்காரர் ஒருவர் சொன்னார் என்று கடன் வாங்கி வேறெங்கோ சேர்வதை என்னவென்று சொல்வது? கவுன்சலிங் இணையதளத்தில் கல்லூரி வாரியாக, பிரிவு வாரியாக, சமூக வாரியாகச் சென்ற ஆண்டு எந்தக் கட்-ஆஃபில் சீட் முடிந்தது என்ற பட்டியல் இருக்கிறது. பொதுப்பிரிவு எண்ணைப் பார்த்துப் பயந்து, தன் சமூகப் பிரிவின் எண்ணைப் பார்க்காமலேயே விட்டுவிடுபவர்கள் நிறையப் பேர்.

அதிகம் கட்டுபவர் யார்?

சில பல்கலைக்கழகங்களில் கட்டணம் தரவரிசையைப் பொறுத்தது. வி.ஐ.டி.யில் ஐந்து படிகள். முதல் படியில் இருப்பவருக்கும் ஐந்தாம் படியில் இருப்பவருக்கும் படிப்பு ஒன்று, வகுப்பறை ஒன்று, ஆசிரியர் ஒருவர். கட்டணம் மட்டும் இரண்டு மடங்குக்கு மேல். வேறு சில இடங்களில் படி என்று பெயரில்லை. தகுதி உதவித்தொகை என்ற பெயரில் மதிப்பெண்ணுக்கேற்பத் தள்ளுபடி. கணக்கு ஒன்றுதான்.

இது தவறு என்று நான் சொல்லவரவில்லை. நன்றாகப் படிப்பவர்களைக் குறைந்த கட்டணத்தில் இழுக்க வேண்டும், அவர்களால் பெயர் வரும், அந்தப் பெயருக்காக மற்றவர்கள் அதிகம் கட்டி வருவார்கள். உலகம் முழுக்கத் தனியார் பல்கலைக்கழகங்கள் ஓடுவது இப்படித்தான். ஆனால் ஐந்தாம் படிக்காரரின் அப்பா ஒன்றைக் கவனிக்க வேண்டும். விளம்பரப் பலகையில் பார்த்த பெரிய சம்பளம், சராசரி சம்பளம் இரண்டையும் தூக்கிப்பிடிப்பவர்கள் பெரும்பாலும் முதல் படிக்காரர்கள். அவர்கள் குறைவாகக் கட்டி அதிகம் சம்பாதிக்கப் போகிறவர்கள். நம் பிள்ளை அதிகம் கட்டிவிட்டு, வேலை வாய்ப்பு வரும்போது அதே வகுப்பில் அவர்களோடு மோத வேண்டும். ஆகவே "அங்கே படித்தால் இவ்வளவு சம்பளம்" என்ற கணக்கைப் பிள்ளையின் படிக்கு ஏற்றபடிதான் போட முடியும். முதல் படியில் கிடைத்த சீட்டும் ஐந்தாம் படியில் கிடைத்த சீட்டும் ஒரே பல்கலைக்கழகத்தின் பெயரைத் தாங்கிய இரண்டு வெவ்வேறு பேரங்கள்.

வகுப்பின் அளவும் இதோடு சேர்ந்தது. நன்றாக நடக்கும் நிறுவனங்களுக்கு ஒரு பிரிவில் இத்தனை இடம்தான் என்ற உச்சவரம்பைத் தொழில்நுட்பக் கல்விக் கவுன்சிலான ஏ.ஐ.சி.டி.இ. 2024-25 முதல் எடுத்துவிட்டது. கம்ப்யூட்டர் சயின்ஸ், அதிலேயே ஏ.ஐ., டேட்டா சயின்ஸ், சைபர் செக்யூரிட்டி என்று கிளைவிட்டு, ஒரே ஆண்டில் ஆயிரக்கணக்கானவர்களைச் சேர்க்கும் வளாகங்கள் இன்று உண்டு. நல்ல கம்பெனி எடுக்கப்போகும் ஆட்கள் எண்ணிக்கை அதே வேகத்தில் பெருகுவதில்லை. "எத்தனை செக்ஷன்?" என்று கேளுங்கள். அட்மிஷன் கவுன்ட்டரில் சங்கடமாகச் சிரிப்பார்கள். மூன்றாம் ஆண்டு மாணவர் சொல்லிவிடுவார்.

ஃபிளெக்ஸ் போர்டைப் படிப்பது எப்படி?

ஜி.எஸ்.டி. சாலையில் போனாலும் சரி, கோவை அவிநாசி சாலையில் போனாலும் சரி, கோட்டும் டையும் போட்ட இளைஞர் ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். பக்கத்தில் ஒரு பெரிய தொகை. அந்த ஒருவருக்கு அந்தச் சம்பளம் கிடைத்தது உண்மையாகவே இருக்கட்டும். நமக்கு வேண்டியது வரிசையின் நடுவில் நிற்பவரின் சம்பளம்.

பிளேஸ்மென்ட் கணக்கில் நான்கைந்து ஜாலங்கள் வழக்கமானவை. '95 சதவீதம்' என்றால் எதில் 95? சேர்ந்தவர்களிலா, தேறியவர்களிலா, அல்லது அரியர் இல்லாமல், குறிப்பிட்ட மதிப்பெண்ணுக்கு மேல் வைத்திருந்து, பதிவும் செய்தவர்களிலா? கடைசியாகச் சொன்னது வழக்கமான வகுஎண். அரியர் வைத்தவர் அந்தக் கணக்கிலேயே இல்லை. அடுத்தது, 'ஆஃபர்'களின் எண்ணிக்கை. ஒரே மாணவர் மூன்று கம்பெனியில் தேர்வானால் மூன்று ஆஃபர். இன்டர்ன்ஷிப்பைச் சேர்த்துக்கொள்பவர்களும் உண்டு. பிறகு சராசரி. நூறு பேரில் தொண்ணூற்றெட்டுப் பேர் நான்கு லட்சமும் இரண்டு பேர் ஐம்பது லட்சமும் வாங்கினால் சராசரி ஐந்து லட்சத்தை நெருங்கிவிடும். நடுவில் நிற்பவர் வாங்குவது அதே நான்கு லட்சம்தான்.

இந்த நடு எண்ணைத் தேடி அலைய வேண்டியதில்லை. மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையில் பங்குபெறும் நிறுவனம், தான் சமர்ப்பித்த தரவைத் தன் இணையதளத்திலேயே வைத்திருக்க வேண்டும். அதில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் உரிய காலத்தில் தேறினார்கள், எத்தனை பேர் வேலைக்குப் போனார்கள், எத்தனை பேர் மேற்படிப்புக்குப் போனார்கள், வேலைக்குப் போனவர்களின் இடைநிலைச் சம்பளம் என்ன என்று மூன்று ஆண்டுக்கு வரிசையாக இருக்கும். நூலகத்துக்கும் ஆய்வகத்துக்கும் எவ்வளவு செலவழித்தார்கள் என்பதும் உண்டு. ஃபிளெக்ஸில் பார்த்ததையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதே தேடலை உங்கள் மாவட்டத்து நல்ல சுயநிதிக் கல்லூரிக்கும் செய்யுங்கள். சில சமயம் வித்தியாசம் நீங்கள் நினைத்ததைவிடக் குறைவாக இருக்கும். சில சமயம் நிஜமாகவே பெரிதாக இருக்கும். அந்தத் தரவும் நிறுவனம் தானே கொடுத்ததுதான் என்பதை மறக்க வேண்டாம். ஆனாலும் அரசிடம் கொடுத்த எண்ணில் கை சற்றே நடுங்கியிருக்கும் என்று நம்பலாம்.

தரவரிசை எண்ணைவிட அந்த விவரப் பக்கம் எவ்வளவோ மேல் என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. என்.ஐ.ஆர்.எஃப். மதிப்பெண்ணில் 30 சதவீதம் ஆய்வுக்கு. அதனால் கட்டுரை எண்ணிக்கைக்காக ஒரு பந்தயமே நடக்கிறது. சென்னையிலுள்ள ஒரு பல் மருத்துவக் கல்லூரியில் இளநிலை மாணவர்களைத் தேர்வு நேரத்தில் ஆய்வுக் கட்டுரை எழுதவைத்து, தம் கட்டுரைகளையே மேற்கோள் காட்டச்செய்து எண்ணிக்கை ஏறியதைப் பற்றி 2023-இல் சயின்ஸ் இதழ் விரிவாக எழுதியது. நல்ல ஆய்வு நடக்கும் இடங்கள் இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் இரண்டாம் ஆண்டில் உங்கள் பெண்ணுக்கு டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் நடத்தப்போகிறவர் எப்படிப்பட்டவர் என்பதை அந்த எண் சொல்லாது.

கல்வி நிறுவனங்களுக்குத் தரம் வழங்கும் 'நாக்' அமைப்பின் ஏ பிளஸ் பிளஸ் தரத்துக்கும் இது பொருந்தும். 4-க்கு 3.51-க்கு மேல் எடுத்தால் அந்தத் தரம். 2025 பிப்ரவரியில், ஆந்திராவின் குண்டூர்ப் பக்கத்து நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு உயர்ந்த தரம் தர லஞ்சம் வாங்கியதாகக் குற்றம்சாட்டி, ஆய்வுக் குழுவினரையே சி.பி.ஐ. கைதுசெய்தது. பொறியியலில் 'நாக்'கைவிட என்.பி.ஏ. அங்கீகாரம் பயனுள்ளது. முன்னது நிறுவனம் முழுமைக்கும் தரும் முத்திரை. பின்னது ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனி. மெக்கானிக்கலுக்கு இருக்கும், புதிதாகத் தொடங்கிய ஏ.ஐ. படிப்புக்கு இருக்காது. எந்தப் படிப்பில் சேரப் போகிறோமோ அதற்கு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பெயர் விஷயத்திலும் ஒரு எச்சரிக்கை. காட்டாங்குளத்தூரும் ராமாபுரமும் ஒரே எஸ்.ஆர்.எம். நிறுவனத்தின் வளாகங்கள். ஆனால் ஆந்திராவில் அமராவதி, மத்தியப் பிரதேசத்தில் போபால் என்று எஸ்.ஆர்.எம்., வி.ஐ.டி. குழுமப் பெயர்களில் இருப்பவை அந்தந்த மாநிலச் சட்டத்தின்கீழ் வந்த தனிப் பல்கலைக்கழகங்கள். வி.ஐ.டி. என்ற பெயரில் வேலூரில் கிடைக்கும் பட்டமும் போபாலில் கிடைக்கும் பட்டமும் சட்டப்படி வேறுவேறு பல்கலைக்கழகங்கள் தருபவை. ஒரே பல்கலைக்கழகத்தின் வளாகங்களுக்கு இடையிலும் வேலைக்கு எடுக்க வரும் கம்பெனிகள் எல்லாமே பொதுவா, சில மட்டுமா என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

அந்தப் பக்கமும் அப்படியொன்றும் பச்சை இல்லை

இவ்வளவு சொன்னதால், கவுன்சலிங்கில் கிடைக்கும் எந்தக் கல்லூரியும் பரவாயில்லை என்று எடுத்துக்கொண்டால் அது பெரிய தவறு. 2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் ஒரு பட்டியலை வெளியிட்டது. அண்ணா பல்கலைக்கழகத்தின்கீழ் உள்ள 224 கல்லூரிகளில் 353 ஆசிரியர்கள் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் முழுநேர ஊழியராகக் கணக்கில் இருந்தார்கள். பல்கலைக்கழகம் தானே தோண்டியபோது நிலைமை இன்னும் மோசமாகத் தெரிந்தது. சுமார் 2,000 பணியிடங்களில் 189 பேரின் பெயர்களே திரும்பத் திரும்ப நிரப்பப்பட்டிருந்தன. அப்படிப்பட்ட கல்லூரியில் 55,000 ரூபாய் கட்டினாலும் அது அதிகம்தான்.

ஆகவே தனியார் பல்கலைக்கழகத்தின் எதிர்த்தட்டில் வைக்க வேண்டியது 'அரசு கவுன்சலிங்' என்ற பொதுச்சொல் இல்லை. இந்தப் பிள்ளையின் இந்தக் கட்-ஆஃபுக்குக் கிடைக்கக்கூடிய நான்கைந்து கல்லூரிகளின் பெயர்கள். திருப்புதல் தேர்வு மதிப்பெண்ணை வைத்தே ஏப்ரலில் ஓரளவுக்கு இதைப் போட்டுவிடலாம். கணிதம் நூற்றுக்கு, இயற்பியலும் வேதியியலும் தலா ஐம்பதுக்கு, மொத்தம் 200. வந்த எண்ணுக்கு ஐந்து மேலே, ஐந்து கீழே என்று வைத்துக்கொண்டு, சென்ற ஆண்டுப் பட்டியலில் எந்தெந்தப் பெயர்கள் வருகின்றன என்று ஒரு தாளில் எழுதுங்கள். பி.எஸ்.ஜி., தியாகராஜர், சி.ஐ.டி. போன்ற உதவிபெறும் கல்லூரிகளோ, ஒரு பழைய, தன்னாட்சி பெற்ற சுயநிதிக் கல்லூரியோ அதில் வந்தால், தனியார் பல்கலைக்கழகம் அவற்றைவிட எவ்வளவு மேல் என்று நிரூபிக்க வேண்டியது அதன் பொறுப்பு. தன்னாட்சிக் கல்லூரிகள் பாடத்திட்டத்தைத் தாமே மாற்றிக்கொள்ளலாம், தேர்வையும் தாமே நடத்தலாம். 'அண்ணா யுனிவர்சிட்டி சிலபஸ் பழசு' என்ற பேச்சு அவற்றுக்குப் பாதிதான் பொருந்தும். மாறாக, தாளில் வந்த பெயர்கள் எல்லாமே நீங்கள் கேள்விப்படாதவையாக, விசாரித்தால் ஆசிரியர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாறுகிறார் என்று சொல்லப்படுபவையாக இருந்தால், தனியார் பல்கலைக்கழகத்தின் பக்கம் தராசு இறங்கும்.

26,760 ரூபாய்

வேலைக்குப் போகும் அப்பா, வீட்டிலிருக்கும் அம்மா, சொந்த வீடு உண்டு, சேமிப்பு அதிகமில்லை என்று ஒரு குடும்பத்தை வைத்துக்கொள்வோம். தனியார் பல்கலைக்கழகத்தில் படிப்புக் கட்டணம் ஆண்டுக்கு இரண்டரை லட்சம், ஹாஸ்டலும் மெஸ்ஸும் ஒன்றேகால் லட்சம். ஆண்டுக்கு 3.75 லட்சம், நான்கு ஆண்டுக்கு 15 லட்சம். முழுவதும் கல்விக் கடன், வட்டி 10 சதவீதம்.

படிக்கும் காலத்திலும் அதற்குப்பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டாம், ஆனால் தனிவட்டி ஏறிக்கொண்டே இருக்கும். முதலாண்டுப் பணத்துக்கு ஐந்து ஆண்டு வட்டி, அடுத்ததற்கு நான்கு, பிறகு மூன்று, இரண்டு. மொத்தம் 5.25 லட்சம். தவணை தொடங்கும் நாளில் கடன் 20.25 லட்சம். பத்தாண்டில் அடைக்க மாதம் சுமார் 26,760 ரூபாய். பதினைந்தாண்டு என்றால் சுமார் 21,760. கடைசியில் கொடுத்து முடிக்கும்போது முதல் கணக்கில் 32 லட்சம், இரண்டாவதில் 39 லட்சம்.

கும்பலாக ஆள் எடுக்கும் பெரிய ஐ.டி. சேவை நிறுவனங்களில் புதியவர்களுக்கு ஆண்டுச் சம்பளம் பல வருடங்களாக மூன்றரை லட்சத்தைச் சுற்றியே நிற்கிறது. பிடித்தம் போகக் கையில் வருவது மாதம் இருபத்தைந்தாயிரம் அளவில். அந்தச் சம்பளத்தில் 26,760 எப்படிக் கட்டுவது? கட்டப்போவது ஓய்வுபெறும் வயதிலிருக்கும் அப்பா, இல்லையென்றால் அடமானத்தில் இருக்கும் வீடு. ஏழரை லட்சத்துக்கு மேல் கடன் என்றால் வங்கிகள் வழக்கமாகச் சொத்து அடமானம் கேட்கும். ஆண்டுக்கு எட்டு, பத்து லட்சத்தில் வேலை கிடைத்தால் கதையே வேறு. அந்த வேலை கிடைப்பவர்கள் உங்கள் பிள்ளையின் படியில், உங்கள் பிள்ளையின் பிரிவில் எத்தனை பேர் என்பதற்காகத்தான் மேலே அவ்வளவு தோண்டினோம்.

கடன் வாங்குவதாக இருந்தால் 2024 நவம்பரில் அறிவிக்கப்பட்ட பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில் அந்த நிறுவனம் இருக்கிறதா என்று பார்ப்பது முக்கியம். என்.ஐ.ஆர்.எஃப். பட்டியலை அடிப்படையாக வைத்துத் தேர்ந்தெடுத்த 860 நிறுவனங்களோடு தொடங்கியது அது. அடமானமும் ஜாமீனும் இல்லாமல் கடன் கிடைக்கும். குடும்ப வருமானம் எட்டு லட்சத்துக்குள் இருந்தால் பத்து லட்சம் வரையிலான கடனுக்கு, தவணை தொடங்கும் வரை வட்டியில் 3 சதவீதத்தை அரசு ஏற்கும். ஆனால் மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் இது கிடையாது. ரசீது இல்லாமல் 'டொனேஷன்' வாங்குவது 1992-ஆம் ஆண்டு மாநிலச் சட்டப்படி குற்றம் என்பதோடு, அந்தப் பணத்துக்கு எந்த வங்கியும் கடன் தராது. அது கந்துவட்டிக்காரரிடமிருந்தோ நகை அடகுக் கடையிலிருந்தோதான் வரும்.

மருத்துவத்துக்கு இந்தக் கட்டுரையின் கணக்கு எதுவும் பொருந்தாது. நிகர்நிலை மருத்துவக் கல்லூரிகள் பலவற்றில் ஆண்டுக் கட்டணமே இருபது லட்சத்தைத் தாண்டுகிறது. அது தனி உலகம். கலை, அறிவியல் படிப்புகளில் முடிவு இன்னும் எளிது. அரசுக் கல்லூரியில் கிட்டத்தட்ட இலவசமாகவும், பழைய உதவிபெறும் கல்லூரிகளில் குறைந்த செலவிலும் கிடைக்கும் பி.காமுக்கு லட்சக்கணக்கில் கட்டுவதற்கு மிகப் பலமான காரணம் வேண்டும். எனக்கு இதுவரை ஒன்றும் தென்படவில்லை.

யாருக்குச் சரி?

சில பிள்ளைகளுக்கு நான் தயங்காமல் "சேருங்கள்" என்பேன். முதல் இரண்டு படிக்குள் தரவரிசை வந்தவர்கள். பொதுப்பிரிவில் நல்ல மதிப்பெண் இருந்தும் விரும்பிய பிரிவு கவுன்சலிங்கில் எட்டாதவர்கள். பிற மாநிலத்தில் படித்து, தமிழ்நாட்டுக் கவுன்சலிங்கின் இருப்பிட விதிகளில் சிக்கியவர்கள். அரசுப் பள்ளியில் மாவட்ட அளவில் முதலிடம் பெற்றவர்கள்: வி.ஐ.டி. 2008 முதல் நடத்தும் திட்டத்தில் மாவட்டத்துக்கு ஒரு மாணவர், ஒரு மாணவி என்று எடுத்துப் படிப்பு, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் இலவசமாகத் தருகிறார்கள். இதெல்லாம் தவிர, தானே ஓடித் தேடிப் படிக்கிற சுபாவம் உள்ள பிள்ளை. பாடத்தையும் ஆசிரியரையும் நேரத்தையும் மாணவரே தேர்ந்தெடுக்கும் முறை, கிளப்புகள், ஹேக்கத்தான், வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் ஒரு செமஸ்டர் என்று பெரிய வளாகம் தரும் வாய்ப்புகளைப் பிடுங்கிக்கொள்ளத் தெரிந்தவருக்கு அந்தப் பணம் வீண்போகாது. நாட்டின் பல மூலைகளிலிருந்து வரும் பிள்ளைகளோடு நான்கு ஆண்டு பழகுவதற்கும் ஒரு மதிப்பு இருக்கிறது.

ஒதுங்கி உட்காரும் பிள்ளை அதே வளாகத்தில் காணாமல் போய்விடுவான். ஆயிரக்கணக்கானோர் நடுவில் அவன் வகுப்புக்கு வரவில்லை என்பதைக் கவனிக்க ஆளிருக்காது. வருகைப்பதிவு குறைந்தபின் தானியங்கி மெசேஜ் மட்டும் வரும். அறுபது பேர் வகுப்பில் ஒரு வாத்தியார் பெயர்சொல்லிக் கூப்பிடும் சுமாரான கல்லூரி அவனுக்கு மேல். இதைத் தரவரிசை எதுவும் சொல்லாது, வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும். தமிழ் வழியில் படித்துவிட்டு இந்தியும் ஆங்கிலமும் புழங்கும் ஹாஸ்டலுக்குப் போகிறவருக்கு முதல் செமஸ்டர் கடினம். பலர் இரண்டாம் செமஸ்டரில் எழுந்துவிடுகிறார்கள், சிலருக்குக் கூடுதல் காலம் பிடிக்கிறது. அந்த முதல் ஆண்டில் மதிப்பெண் சரிந்தால் கட்டணச் சலுகை பறிபோகுமா என்று சேரும்போதே கேளுங்கள். எத்தனை சதவீதத்துக்குக் கீழே போனால் சலுகை ரத்து என்பதைச் சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள்.

வளாகத்தை நேரில் பார்க்கப் போனால், அழைப்பு அனுப்பிய 'ஓபன் டே' அன்று போக வேண்டாம். ஒரு சாதாரண புதன்கிழமை, நாலு மணிக்கு மேல், கேட்டுக்கு வெளியே டீக்கடையில் நில்லுங்கள். மூன்றாம் ஆண்டு, நான்காம் ஆண்டுப் பிள்ளைகளிடம் பேச்சுக்கொடுத்தால் அரைமணியில் எல்லாம் தெரிந்துவிடும்: எத்தனை செக்ஷன், எந்தப் பாடத்துக்கு ஆள் இல்லை, கம்பெனி வரும்போது யாரை உள்ளே விடுவதில்லை, மெஸ் எப்படி, ஃபைன் எதற்கெல்லாம். ஒரு கேள்வியை மட்டும் மறக்காமல் கேளுங்கள்: "உன் தம்பியை இங்கே சேர்ப்பியா?"

பணம் கட்டியாயிற்று, இப்போது?

இவ்வளவுக்குப் பிறகும் ஏப்ரலில் முன்பணம் கட்டத்தான் வேண்டியிருக்கும், பல குடும்பங்களுக்கு. தவறில்லை. கையில் ஒன்றுமில்லாமல் ஜூலை வரை காத்திருக்கும் தைரியம் எல்லோருக்கும் வராது. ஆனால் கட்டியதால் கவுன்சலிங்குக்கு விண்ணப்பிக்காமல் விட்டுவிடக் கூடாது. அங்கேயும் பதிவுசெய்து, சாய்ஸ் போட்டு, ஒதுக்கீடு வந்தபின் இரண்டையும் பக்கத்தில் வைத்து முடிவெடுக்கலாம்.

அதற்குச் சட்டம் துணையிருக்கிறது. 2024-25 கல்வியாண்டுக்கு யு.ஜி.சி. அறிவித்த விதிப்படி, செப்டம்பர் 30 வரை விலகினால் கட்டிய பணம் முழுவதையும் திருப்பித் தர வேண்டும். அக்டோபர் 31 வரை விலகினால் 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்கக் கூடாது. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களுக்கும் இது பொருந்தும். ஒவ்வோர் ஆண்டும் தேதி மாறலாம் என்பதால் அந்த ஆண்டின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும். 'பதிவுக் கட்டணம்', 'அட்வான்ஸ்', 'காஷன் டெபாசிட்' என்று என்ன பெயர் வைத்து வாங்கினாலும் எதற்காக வாங்கினார்கள் என்பது ரசீதில் இருக்க வேண்டும். விலகுவதை போனில் சொல்லக் கூடாது, இமெயிலில் தேதியோடு அனுப்ப வேண்டும். "சீட் வேணும்னா ஒரிஜினல் மார்க் ஷீட்டைக் கொடுத்துட்டுப் போங்க" என்றால் மறுத்துவிடுங்கள். சரிபார்த்துவிட்டு உடனே திருப்பித் தர வேண்டும், அசல் சான்றிதழைப் பிடித்துவைக்க எந்த நிறுவனத்துக்கும் யு.ஜி.சி. அனுமதி இல்லை. பணம் வரவில்லை என்றால் முதலில் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்புக் குழு, அடுத்து யு.ஜி.சி.யின் இணையப் புகார்ப் பக்கம். ஆகஸ்டில் எழுதத் தொடங்கினால் தீபாவளிக்குள் பணம் வந்துசேர வாய்ப்பிருக்கிறது. அக்டோபர் கடைசி வாரம் வரை யோசித்துக்கொண்டிருந்தால் வாய்ப்பு கம்மி.